திரைக்குப் பின்னால் நிற்கும் வாணிகம்

கூத்தாயினும் நாடகமாயினும் திரைப்படமாயினும், நம் கண்முன் தோன்றுவோர் சிலர். தோன்றாமல் நின்று அதனை நடத்துவோர் பலர். நடிகர் பெயரைச் சிறுவரும் சொல்வர். பாடகர் குரலை வீட்டுக்குள் இருந்தபடியே இன்னார் குரல் என்று அறிந்துகொள்வர். ஆனால், அப்படத்தைச் சென்னையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தவர் யார், அதற்கு என்ன விலை கொடுத்தார், அரங்கத்தாருடன் என்ன உடன்பாடு செய்துகொண்டார் என்று கேட்டால் விடை கூறுவார் அரியர்.

இதனை அறிய வேண்டிய தேவை நமக்குண்டு. நம் இளைஞருட் பலர் கலையுலகில் புக விரும்புகின்றனர். புக விரும்புவோர் நாடுவதோ மேடையின் முன்புறத்தை மட்டுமே. முன்புறத்தில் இடம் குறைவு. பின்புறத்தில் தொழில்கள் மிகுதி. அன்றியும், முன்புறத்தில் நிற்பவனுடைய கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் பின்புறமே. ஆதலின் அவ்வாணிகம் எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் என்னென்ன பணிகள் உள்ளன, கிள்ளான் பள்ளத்தாக்கில் அது எங்ஙனம் வேரூன்றியது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு நுழைவுச்சீட்டின் கணக்கு

முதற்கண் ஒரு நுழைவுச்சீட்டைப் பின்தொடர்ந்து செல்வோம். கணக்கு விளங்குவதற்காக அதன் விலை 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கேளிக்கை வரி என ஒன்று உண்டு. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசுகள் பெறும் வரி இது. படக்காட்சிக்கு அது நூற்றுக்கு 25 வரை செல்லும். வரியும் பிற கழிவும் போக 15 வெள்ளி எஞ்சுவதாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி அரங்கத்தாருக்கு. மறுபாதி படத்தைக் கொணர்ந்த விநியோகஸ்தருக்கு. பங்கு விகிதம் படத்துக்குப் படம் மாறும். வாரம் செல்லச் செல்ல அரங்கத்தார் பங்கு ஏறுவதும் உண்டு.

விநியோகஸ்தர் அப்படத்தின் உரிமையை 50,000 வெள்ளிக்கு வாங்கினார். விளம்பரத்துக்கு 15,000 வெள்ளி செலவிட்டார். தணிக்கை, மலாய் எழுத்துரை முதலியவற்றுக்கு 5,000 வெள்ளி ஆயிற்று என்க. ஆக அவருடைய முதல் 70,000 வெள்ளி. நாடெங்கும் 10,000 பேர் படம் பார்த்தால் அவர் பங்கு 75,000 வெள்ளி, ஆதாயம் 5,000. பார்த்தவர் 9,000 பேராகக் குறைந்தாலோ அவர் பங்கு 67,500; நட்டம் 2,500. பத்தில் ஒரு பங்கு மக்கள் வாராதொழிந்த அளவில் ஆதாயம் நட்டமாக மாறிவிடுகிறது! இவை எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகளே. எனினும் இத்தொழிலின் இயல்பு இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மழை பெய்தாலும், அதே நாளில் வேறொரு பெரிய நடிகரின் படம் வெளிவந்தாலும், முதல் காட்சி பார்த்தவர் நன்றாயில்லை என்று சொன்னாலும், கணக்கு தலைகீழாகும்.

எனவேதான் இத்தொழிலில் ஈடுபட்டோர் கலைச்சுவையை மட்டும் நம்பாது, காலத்தையும் ஊரையும் மக்கள் கைப்பணத்தையும் கணிக்கக் கற்றனர். எந்நாளில் சம்பளம் வரும், எப்போது பள்ளி விடுமுறை, தீபாவளிக்கு முன் வெளியிடுவதா பின் வெளியிடுவதா என்பனவெல்லாம் அவர்களுக்குப் பாடங்கள்.

உரிமை விற்கும் முறைகள்

ஒரு படத்தை எடுப்பவர் அதனைத் தாமே ஊர்தோறும் கொண்டுசென்று காட்டுவதில்லை. நிலப்பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் உரிமையையும் ஒவ்வொருவருக்கு விற்கின்றார். சென்னைப் பட வாணிகத்தில் இப்பகுதிகளை ‘ஏரியா’ என்பர். வெளிநாட்டு உரிமைக்கு அங்கே ‘எப்.எம்.எஸ்.’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் என்று அதற்குப் பொருள் கூறுவர். பிரிட்டிஷ் ஆட்சியில் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் நாடுகளுக்கும் அதே மூன்று எழுத்துகளே குறுக்கப் பெயராய் இருந்தன என்பது நினைக்கத்தக்கது. தமிழ்ப் படத்தின் கடல்கடந்த சந்தையென்றால் முதலில் மலாயாவே நினைவுக்கு வந்த காலத்தை அவ்வெழுத்துகள் நமக்கு உணர்த்துகின்றன.

உரிமையை விற்கும் முறைகள் முக்கியமாக மூன்று. முதலாவது ‘அவுட்ரேட்’. ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை முற்றாக வாங்கிக்கொள்வது. அதன்பின் ஆதாயமும் நட்டமும் வாங்கியவருடையன. இரண்டாவது ‘மினிமம் கேரண்டி’. குறைந்த அளவு இவ்வளவு தருவேன் என்று உறுதிகூறி முன்னதாகத் தொகை கொடுப்பது. வசூல் ஓர் எல்லையைத் தாண்டினால் மிகுதியில் படமுதலாளிக்கும் பங்கு உண்டு. மூன்றாவது ‘கமிஷன்’ முறை. விநியோகஸ்தர் முதல் போடுவதில்லை. அல்லது முன்பணம் மட்டும் தருகிறார். வசூலில் ஒரு விழுக்காட்டைத் தம் உழைப்புக்குக் கூலியாகப் பெற்று, எஞ்சியதைப் படமுதலாளிக்கு அனுப்புகிறார்.

இம்மூன்றையும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். துணிவு யாருடையதோ ஆதாயமும் அவருடையதே. முதல் முறையில் வாங்குபவர் துணிகிறார். மூன்றாம் முறையில் எடுத்தவர் துணிகிறார். நடுமுறையில் இருவரும் பகிர்கின்றனர். ஒப்பந்தம் எழுதும் கலை என்பது இத்துணிவைப் பகிரும் கலையேயாம்.

சரக்குக் கைமாறும் விதமும் காலத்துக்கேற்ப மாறிற்று. சென்னைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிய நாளில், படம் என்பது கனத்த தகரப் பெட்டிகளில் அடங்கிய சுருள்களாக இருந்தது. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடும் நேரம் பதினொரு நிமிடம். ஆகவே மூன்று மணி நேரப் படத்துக்குப் பதினாறு, பதினேழு சுருள்கள் வேண்டும். பிரதியின் விலை மிகுதி. ஒரே பிரதியை ஊர் ஊராக அனுப்பி ஓட்டினர். பிற்பட்ட ஊருக்குப் படம் செல்லும்போது அதில் கீறலும் வெட்டும் நிறைந்திருக்கும். இன்றோ படம் எண்ம வடிவில் வருகிறது. அதனைத் திறக்க ஒரு மின்திறவுகோல் தனியே அனுப்பப்படும். இன்ன அரங்கில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று அத்திறவுகோல் வரையறுத்திருக்கும். பணம் தீர்க்கப்படாவிடில் திறவுகோல் வாராது. திறவுகோல் வாராவிடில் அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தாலும் திரையில் படம் ஓடாது. பெட்டியைக் காத்த காவற்காரன் இருந்த இடத்தில் இன்று கணினியின்முன் அமர்ந்து திறவுகோல்களைக் கண்காணிக்கும் அலுவலர் இருக்கிறார்.

மலாயாவில் வேரூன்றிய வரலாறு

மலாய்ப் படத் தொழிலின் தொடக்கமே கடல் கடந்துவந்த முதலீட்டால் நிகழ்ந்தது. 1934-இல் சிங்கப்பூரில் திரையிடப்பட்ட ‘லைலா மஜ்னூன்’ முதல் மலாய்ப் படம் எனப் போற்றப்படுகிறது. அதனை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். போருக்குப்பின் ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் நடத்திய மலாய் படத் தயாரிப்பு நிறுவனத்தில் எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பி. என். ராவ், பணி மஜூம்தார் முதலிய இந்திய இயக்குநர்கள் பணியாற்றினர். 1950-இல் வெளிவந்த ‘பக்தி’ படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக நிறுத்தியவர் எல். கிருஷ்ணன்.

ஷா சகோதரர்களின் வலிமை நடிகரிடத்தில் இல்லை, அரங்குகளில் இருந்தது. படத்தை எடுப்பவரும் அவரே, விநியோகிப்பவரும் அவரே, காட்டும் கொட்டகைக்காரரும் அவரே, கொட்டகை அமைந்த கேளிக்கைப் பூங்காவுக்கு உரியவரும் அவரே என்றால், நுழைவுச்சீட்டின் பணம் எத்தனை கை மாறினாலும் ஒரே பையில் சென்று விழும். இதனைத் தொழில் நூலார் நிலைக்குத்து இணைப்பு என்பர். அமெரிக்காவில் இத்தகைய இணைப்பு பெருகிப் போட்டியை அழிக்கின்றது எனக் கருதி, 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பாரமவுண்ட் முதலிய நிறுவனங்கள் மீது தீர்ப்பளித்தது. அதன் பயனாகப் படமெடுக்கும் நிறுவனங்கள் தம் அரங்குகளைக் கைவிட நேர்ந்தது. மலாயாவில் அத்தகைய தடை எழவில்லை.

ஷா நிறுவனத்துக்கு எதிர்நின்ற மற்றொருவர் கோலாலம்பூரில் பிறந்தவர். அவர் லோக் வான் தோ. 1915-இல் பிறந்த இவர், பெருஞ்செல்வர் லோக் யூவின் மகன். 1935-இல் தம் அன்னையாருடன் சேர்ந்து அரங்க நிறுவனத்தைத் தொடங்கினார். கோலாலம்பூரில் பெவிலியன் அரங்கும் சிங்கப்பூரில் கத்தே கட்டடமும் அவர்தம் முயற்சிகள். கத்தே கெரிஸ் நிறுவனம் பின்னர் மலாய்ப் படங்களைத் தந்தது. ஆங்கில இலக்கியம் கற்றவர். பறவைகளைப் படம் பிடிப்பதில் புகழ்பெற்றவர். 1964 ஜூன் 20-ஆம் நாள் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். திரையில் அவர் முகத்தைக் கண்டவர் இலர். ஆயின் மலாயாவில் நல்ல நாற்காலியில், குளிர்ந்த அரங்கில் அமர்ந்து படம் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தவர்களுள் அவர் ஒருவர்.

ஹுலு கிள்ளானில் 1960-களின் தொடக்கத்தில் மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. 1964-இல் பி. ரம்லி சிங்கப்பூரை விட்டு அங்கே வந்தார். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் என நான்கு வகையிலும் வல்லவர் அவர். ஆயினும் 1973 மே 29-ஆம் நாள் அவர் மறைந்தபோது பொருள் நெருக்கடியில் இருந்தார் என்பது நாடறிந்த செய்தி. அவருடைய படங்களோ அவருக்குப் பின்னும் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. இஃது எவ்வாறு நேர்ந்தது? ஜாலான் அம்பாஸில் கலைஞர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்ந்தவர்கள். எடுத்த படம் நிறுவனத்தின் சொத்து. 1957-இல் அங்கே கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் ஊதியக் குறையால்தான். படைப்பவன் வேறு, படைப்புக்கு உரியவன் வேறு என்னும் இவ்வேறுபாட்டை உணராதவன் கலையுலகின் வாணிகத்தை உணராதவனே ஆவான்.

தோட்டப்புறங்களின் கதை வேறு. அங்கே நிலையான கொட்டகை இல்லை. திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினர். கோயில் திருவிழாவுக்கும் பண்டிகைக்கும் அவ்வாறு படம் போடுவது வழக்கம். 1946-இல் தொடங்கிய மலாயா படப்பிரிவின் செய்திப் படங்களும் வண்டிகளில் ஊர்களுக்குச் சென்றன. கருவியையும் மின்னாக்கியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்றவர்களைத் திரைத்துறையினர் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் தோட்ட மக்களுக்குத் திரைப்படம் என்பதே அவர்கள் வழி வந்ததாகும்.

பிரிக்பீல்ட்சில் பிறந்த ஒருவர்

கேளிக்கைத் தொழிலின் பின்புறத்தில் நின்று பெரும்பொருள் ஈட்டிய தமிழர் ஒருவரைக் காட்டுக எனின், த. ஆனந்தகிருஷ்ணனைக் காட்டலாம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1938-இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் பிறந்தவர் அவர். அவ்வட்டாரத்து விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலும் பின்னர் விக்டோரியா கல்விக்கூடத்திலும் பயின்றார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1964-இல் ஹார்வர்டில் வாணிக மேலாண்மைப் பட்டமும் பெற்றார். எண்ணெய் வாணிகத்தில் முதலில் பொருள் திரட்டினார்.

1985 ஜூலை 13-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவி திரட்ட லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடைபெற்ற ‘லைவ் எய்ட்’ இசைவிழாவை உலகறியும். அதனை முன்னின்று நடத்திய பாப் கெல்டாபுக்கு உதவியவர்களுள் ஆனந்தகிருஷ்ணனும் ஒருவர். செயற்கைக்கோள் வழியாக ஒரு நிகழ்ச்சி ஒரே நேரத்தில் பல நாடுகளைச் சென்றடையும் ஆற்றலை அவ்விழா உலகுக்குக் காட்டிற்று. 1996 ஜனவரியில் ‘மியாசாட்-1’ செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் அவருடைய ‘அஸ்ட்ரோ’ கட்டணத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அவருடைய குழுமத்தைச் சேர்ந்த தஞ்சோங் நிறுவனத்தின்வழி ‘டி.ஜி.வி.’ பல்திரை அரங்குகள் எழுந்தன. கிள்ளான் புக்கிட் ராஜாவிலும் அதன் அரங்கு அமைந்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. செயற்கைக்கோள், தொலைக்காட்சி, அரங்கு ஆகிய மூன்றும் நிகழ்ச்சிகள் அல்ல. நிகழ்ச்சிகள் செல்லும் பாதைகள். பாட்டு மாறும், நடிகர் மாறுவர், சுவை மாறும். பாதைக்கு உரியவர் ஒவ்வொன்றுக்கும் சுங்கம் பெறுவார். ஷா சகோதரர்கள் கொட்டகைகளால் செய்ததை அவர் விண்ணிலிருந்து செய்தார் எனலாம். அவர் பேட்டி கொடுப்பதையும் மேடையில் தோன்றுவதையும் பெரிதும் தவிர்த்தார். 2024 நவம்பர் 28-இல் அவர் மறைந்தபோது, அவர் முகத்தை அறியாத வீடுகளில் அவர் நிறுவனத்தின் வானவில் அலைவரிசை ஓடிக்கொண்டிருந்தது.

அத்தகைய அலைவரிசை ஒன்று இயங்க எத்தனை பேர் வேண்டும்! எந்தப் படத்தை எத்தனை முறை, எத்தனை ஆண்டுக்குள் காட்டும் உரிமையை வாங்குவது என்று பேரம் பேசுவோர். உள்ளூர்த் தொடர்களுக்குக் கதையும் செலவுத் திட்டமும் பார்த்து ஒப்பளிப்போர். எந்நேரத்தில் எதனைப் போடுவதென அட்டவணை வகுப்போர். விளம்பர நேரம் விற்போர். மலாய் எழுத்துரை எழுதுவோர். பார்ப்போர் தொகையைக் கணித்து அறிக்கை தருவோர். புக்கிட் ஜாலிலில் உள்ள அதன் ஒளிபரப்பு நிலையத்தில் தமிழரும் இத்தகைய பணிகளைச் செய்துவந்துள்ளனர். இவர்களுள் எவர் பெயரும் வீட்டில் பேசப்படுவதில்லை.

அரசின் வாயில்கள்

வாணிகம் செழிக்கப் பணம் மட்டும் போதாது. அரசின் வாயில்கள் சிலவற்றைக் கடத்தல் வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் ‘பினாஸ்’ எனப்படும். பழைய மெர்டேக்கா நிலையம் இருந்த ஹுலு கிள்ளானிலேயே அது அமைந்துள்ளது. படம் எடுக்க ஓர் உரிமம், விநியோகிக்க ஓர் உரிமம், திரையிட ஓர் உரிமம் என மூவகை உரிமங்களை அது வழங்குகிறது. நாம் மேலே கண்ட மூன்று கைகளையும் சட்டமே இவ்வாறு பிரித்துக் காட்டுகிறது.

அடுத்தது தணிக்கை. 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியம் உள்துறை அமைச்சைச் சார்ந்தது. அதன் முடிவு ஒரு படத்தின் வாணிகத்தையே மாற்றவல்லது. 2016 ஜூலையில் வெளிவந்த ‘கபாலி’ கோலாலம்பூரைக் களமாகக் கொண்ட படம். ரஜினிகாந்த் நடிக்க, பா. இரஞ்சித் இயக்க, கலைப்புலி எஸ். தாணு தயாரித்தார், மலேசியாவில் மாலிக் ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் வெளியிட்டது, மலாய் மொழியிலும் குரல் மாற்றித் திரையிட்டனர். இந்தியாவில் முடிவு இன்னதென்று விளங்காதவாறு நின்ற அப்படம், மலேசியத் திரைகளில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் குறிப்போடு முடிந்தது. குற்றம் செய்தவன் சட்டத்துக்கு உட்படவேண்டும் என்னும் நெறிக்கு ஏற்ப அஃது அமைந்தது. இத்தகைய மாற்றங்களைப் படமுதலாளிக்கு எடுத்துரைத்து, வாரியத்தோடு பேசி, வெளியீட்டு நாள் தவறாமல் முடித்துவைப்பது விநியோகஸ்தர் அலுவலகத்தில் ஒருவரின் வேலை. இருமொழிப் புலமையும் பொறுமையும் அதற்கு மூலதனம்.

மேடைக் கச்சேரி நடத்துவோர்க்கு வாயில்கள் இன்னும் மிகுதி. வெளிநாட்டுக் கலைஞர் வருவதாயின் ‘புஸ்பால்’ எனப்படும் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சியின் கேளிக்கை உரிமம், காவல்துறையின் அனுமதி, தீயணைப்புத் துறையின் ஒப்புதல், பாடல்களை மேடையில் இசைக்க உரிமைச் சங்கத்தின் அனுமதி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பாடகருக்கு முன்பணம், விமானச் சீட்டு, விடுதி, மண்டப வாடகை, ஒலி ஒளிக் கருவிகள் ஆகிய அனைத்துக்கும் முதல் சீட்டு விற்பதற்கு முன்பே பணம் கட்டவேண்டும். படம் ஒரு நாள் ஓடாவிட்டால் மறுநாள் ஓடும். கச்சேரிக்கோ ஒரே இரவு. ஆதலின் இது படத்தினும் இடர் மிக்க வாணிகம். அனுமதி கிட்டுமுன் சீட்டு விற்கத் தொடங்கி, பின்னர் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து மக்களுக்குப் பதில் சொல்ல முடியாமற் போவது இத்தொழிலுக்குப் புதிதன்று. அட்டவணை எழுதி ஒவ்வொரு தாளையும் உரிய நாளில் பெறுபவரே இங்கே உண்மையான நாயகர்.

பாட்டுக்கு உரியவர் யார்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடந்து செல்வோர் செவியில் தமிழ்ப் பாட்டு விழாமல் இராது. ஒலிநாடா விற்ற காலத்திலும் குறுந்தட்டு விற்ற காலத்திலும் அச்சாலையின் கடைகள் பாட்டால் வாழ்ந்தன. இன்று பாட்டு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. எனினும் கேள்வி ஒன்றே: அப்பாட்டு யாருடையது?

ஒரு பாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உரிமைகள் உள்ளன. சொல் எழுதியவர்க்கு ஒன்று. மெட்டு அமைத்தவர்க்கு ஒன்று. ஒலிப்பதிவுக்குப் பொருள் செலவிட்டவர்க்கு ஒன்று. பாடியவர்க்கும் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொல்லும் மெட்டும் படைத்தவருடைய வாழ்நாளுக்குப் பின்னும் 50 ஆண்டு பாதுகாக்கப்படும். வானொலி, உணவகம், பேரங்காடி முதலிய இடங்களில் பாட்டு ஒலிக்கும்போது உரிய கட்டணத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே சென்று தண்ட முடியாது. அதற்காக இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் பதிப்பாளரும் சேர்ந்த ‘எம்.ஏ.சி.பி.’ என்னும் சங்கம் 1989-இல் அமைந்தது. அஃது உரிமம் வழங்கிப் பணம் தண்டி உறுப்பினர்க்குப் பகிர்கிறது. உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யாதவருக்குப் பங்கு செல்வது எங்ஙனம்? ஊரெல்லாம் பாடும் பாட்டை எழுதியவரே பதிவேட்டில் இல்லாமற்போனால் பணம் வழி தெரியாமல் நிற்கும்.

அச்சட்டத்தில் நம் கலைஞர் மனப்பாடம் செய்யத்தக்க விதிகள் இரண்டு. ஒன்று: பதிப்புரிமையை மற்றொருவர்க்கு மாற்றுவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும், வாய்ச்சொல் செல்லாது. மற்றொன்று: ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பும், சம்பளத்துக்கு அமர்ந்தவன் வேலையாகச் செய்த படைப்பும், வேறு உடன்பாடு இல்லாவிடின், செய்வித்தவர்க்கே சேர்ந்தனவாகக் கருதப்படும். முதல் விதி கலைஞனைக் காக்கிறது. இரண்டாவது விதி அறியாத கலைஞனை வெறுங்கையனாக்குகிறது. ‘அண்ணே, ஒரு பாட்டுப் போட்டுக் கொடுங்கள்’ என்று நண்பர் கேட்க, ‘அதற்கென்ன தம்பி’ என்று இவர் போட்டுக் கொடுக்கிறார். தாள் எழுதுவது நட்புக்கு இழுக்கு என்று இருவரும் நினைக்கின்றனர். பாட்டு ஓடாவிட்டால் தொல்லையில்லை. பாட்டு ஓடிப் பணம் வரும்போதுதான் நட்பு முறிகிறது. ஒரு பக்கத்தில் எழுதிய ஒப்பந்தம் நட்பைக் கெடுக்காது, காக்கும்.

உள்ளூர்ப் படத்தின் நிலை

சென்னைப் படம் வருவது பெரிய சந்தையிலிருந்து. அதன் முதல் தமிழ்நாட்டிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும். மலேசிய வசூல் மேல்வரும்படி. மலேசியாவில் எடுக்கப்படும் தமிழ்ப் படத்துக்கோ இந்நாடே முதற்சந்தை. இங்குள்ள இந்தியர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். அவர்களுள் தமிழ்ப் படம் பார்க்க அரங்குக்கு வருவோர் ஒரு பகுதியினரே. அதே சீட்டு விலையில், அதே வாரத்தில், அது சென்னையின் பெரும்படத்தோடு போட்டியிட வேண்டும். இதற்கு ஒரு துணையாக, உள்ளூர்ப் படங்களை அரங்குகள் குறைந்தது இரு வாரம் திரையிட வேண்டும் என்னும் ‘வாஜிப் தாயாங்’ முறை 2005-இல் வந்தது. ஆனால் திரையைக் கட்டாயப்படுத்தலாம். பார்வையாளரைக் கட்டாயப்படுத்த முடியாதன்றோ?

2015 டிசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’ இங்கே நினைவுகூரத்தக்கது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களின் வாழ்வைச் சிறுவன் ஒருவன் கண்வழி காட்டிற்று. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கும் முறைக்குத் திரைத்துறையினர் பலர், மலாய்க் கலைஞர் உட்பட, எதிர்ப்புத் தெரிவித்தனர். விதி திருத்தப்பட்டது. சிறந்த மலேசியப் படம் என்னும் விருது எம்மொழிப் படத்துக்கும் உரியதாயிற்று. அதனை ‘ஜகாட்’ பெற்றது. புது இயக்குநருக்கான விருதும் அதன் இயக்குநருக்குக் கிடைத்தது.

இவ்வெற்றியில் வாணிகப் பாடம் யாது? படைக்கும் திறன் நம்மிடம் உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு ஈடாக விற்கும் திறனையும் வளர்க்கவேண்டும். படம் எடுத்து முடிந்தபின் விநியோகத்தைப் பற்றி நினைப்பவர், வீடு கட்டி முடிந்தபின் கதவைப் பற்றி நினைப்பவரை ஒப்பர். அரங்கு, தொலைக்காட்சி, விமானப் பயணத் திரை, இணைய ஒளிவழி, வெளிநாட்டு விழா ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. யாவற்றையும் ஒரே தாளில், ஒரே தொகைக்குக் கொடுத்துவிடாமல், பகுதி பகுதியாகவும் காலவரையறையோடும் விற்கத் தெரிந்த ஒருவர் படக்குழுவில் முதல் நாள் முதலே இருத்தல் வேண்டும்.

இளைஞர்க்கு வேண்டிய கல்வி

காரைக்குடியில் இசைத்தட்டு விற்பனையிலிருந்து தொடங்கிப் படமுதலாளியாக உயர்ந்தவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்து, 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி ஊரூராகக் காட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். விளம்பரத் தொழிலிலும் பத்திரிகையிலும் பழகிய கைகளோடு திரையுலகில் புகுந்து ‘சந்திரலேகா’வை 1948-இல் இந்தியா முழுதும் பேசச் செய்தவர் எஸ். எஸ். வாசன். இவர்களுள் ஒருவரும் நடித்துப் புகழ்பெற்றவர் அல்லர். மக்கள் எதற்குக் காசு கொடுப்பர் என்பதை ஒருவர் கடையிலும், ஒருவர் கூடாரத்திலும், ஒருவர் பத்திரிகையிலும் கற்றனர்.

நம் இளைஞர் இத்துறைக்கு வேண்டிய கல்வியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கணக்குப் பதிவு கற்றவர் வசூல் தணிக்கையாளராகலாம்; ஒவ்வொரு காட்சியிலும் விற்ற சீட்டு எத்தனை, சேர்ந்த பங்கு எவ்வளவு என்று சரிபார்ப்பவர் இல்லாத விநியோகஸ்தர் கண்ணில்லாதவர் போன்றவர். சட்டம் கற்றவர் ஒப்பந்தம் எழுதலாம். தமிழும் மலாயும் நன்கறிந்தவர் எழுத்துரை எழுதலாம். நாற்பது எழுத்துக்குள் ஒரு வசனத்தின் உயிரை அடக்குவது எளிய கலையன்று. மின்னியல் கற்றவர்க்கு ஒலியும் ஒளியும் உள்ளன. பேச்சு வன்மையும் நேரம் தவறாமையும் உடையவர் நிகழ்ச்சி மேலாளராகலாம். இப்பணிகளுக்கு வயதோ அழகோ தடையில்லை. அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும். நடிகரின் சந்தை ஐந்தாண்டில் குன்றினாலும் நாணயமுள்ள கணக்கரின் சந்தை குன்றுவதில்லை.

நாணயம் என்றது சொல்லழகுக்காக அன்று. இத்தொழிலில் பெரும்பணம் சிறு தாள்களை நம்பிக் கைமாறுகிறது. வசூலை மறைத்துக் காட்டும் அரங்கம், முன்பணம் பெற்றுக்கொண்டு வாராத கலைஞர், கூலி பாக்கி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காத அமைப்பாளர் என்னும் குறைகள் எந்நாட்டிலும் உண்டு. அவற்றால் முதலில் அடிபடுவோர் விளக்குத் தூக்கிய தொழிலாளியும், பின்வரிசையில் ஆடிய பெண்ணும், சொந்தச் செலவில் பாட்டுப் பதிவு செய்த இளைஞனும் ஆவர். பெரியவர்களுக்கு வழக்கறிஞர் உளர், இவர்களுக்கு இல்லை. பின்புறத்தில் நேர்மையும் கல்வியும் உடையோர் பெருகினால்தான் முன்புறத்தில் நிற்கும் எளியோர் கூலி தவறாமல் பெறுவர்.

ஆகவே, மகனோ மகளோ கலைத்துறைக்குப் போகிறேன் என்றால் அஞ்சும் பெற்றோரும், ஆசையோடு புறப்படும் இளைஞரும், முதற்கண் ஒன்று செய்தல் நலம். ‘எனக்கு என்ன வேடம் கிடைக்கும்?’ என்று கேட்பதற்குமுன், ‘இதில் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? என் பங்கு எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது?’ என்று கேட்கப் பழகுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை அறிந்தவன் மேடையில் நின்றாலும் ஏமாறான். திரைக்குப் பின்னால் நின்றாலும் பிறரை ஏமாற்ற விடான்.